ஒரு கூரையின் கீழ் எத்தனை பல்லிகள்?

இன்று இரவு வாசல் விளக்கைப் போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று சுவரைக் கவனியுங்கள். விளக்கைச் சுற்றிச் சிறு பூச்சிகள் வட்டமிடத் தொடங்கும். சிறிது நேரத்தில் விட்டத்தின் இடுக்கிலிருந்து ஒரு பல்லி தலையை நீட்டும். பிறகு இன்னொன்று வரும். கொஞ்சம் பொறுத்தால் மூன்றாவதும் நான்காவதும் வந்து சேரும்.

இந்த நான்கும் ஒன்றாக வாழ்கின்றனவா, அல்லது ஒரே இடத்தில் தனித்தனியாக வாழ்கின்றனவா? இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? அப்படி இல்லை. ரயில் பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பத்தார் ஆகிவிடுவார்களா?

இதே கேள்வி வேறோர் உருவில் உலகின் பல நாடுகளில் கேட்கப்படுகிறது. சிறுத்தைப் பல்லி என்று ஓர் இனம் உண்டு. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட அழகான பிராணி. வெளிநாடுகளில் பலர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். ‘ஆண் பல்லிகளைச் சேர்த்து வைத்தால் சண்டை வரும், பெண் பல்லிகள் சாது, நான்கைந்தைச் சேர்த்தே வைக்கலாம்’ என்று அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இது சரிதானா? விடையைத் தேடுவதற்கு நம் புதுச்சேரிச் சுவர்களும் உதவும்.

பிரெஞ்சுக்காரர் பெயரைத் தாங்கிய பல்லி

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்னும் பல பழைய வீடுகள் நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவர், தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் செங்கல் அடுக்கிய தளம், மரச் சன்னல்கள். மனிதர்களுக்காகக் கட்டிய வீடுகள்தாம். ஆனால் பல்லிகளுக்கு இதைவிட நல்ல மாளிகை கிடையாது. விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், அது ஒரு பல்லிக்குப் படுக்கையறை.

இந்தச் சுவர்களில் எல்லாப் பல்லிகளும் ஒரே இனம் அல்ல. விளக்கருகே அதிகம் காணப்படுவது வெளிறிய நிறமுள்ள சிறிய பல்லி. வால் நுனிவரை சுமார் 12 செ.மீ. நீளம் இருக்கும். வாலில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். இதன் விஞ்ஞானப் பெயர் ஹெமிடாக்டிலஸ் ஃபிரெனேட்டஸ். இதைவிடப் பருத்த, மரப்பட்டை போன்ற சாம்பல் நிறக் கோலங்கள் கொண்ட இன்னொரு பல்லியை மரங்களிலும் சுவர்களிலும் பார்க்கலாம். அதன் பெயர் ஹெமிடாக்டிலஸ் லெஷனோல்ட்டி.

இந்த இரண்டாவது பெயரில் புதுச்சேரியின் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லெஷனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் 1816-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். புதுச்சேரியைத் தங்குமிடமாகக் கொண்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றித் தாவரங்களையும் பிராணிகளையும் சேகரித்தார். 1822-இல் பிரான்சுக்குத் திரும்பினார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் ஊர்வனவற்றை ஆராய்ந்து வந்த துமெரில், பிப்ரோன் என்ற இருவரும் 1836-இல் இந்தப் பல்லியை வருணித்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். முன்னே சொன்ன சிறிய பல்லியின் விவரமும் அதே ஆண்டு, அதே நூலில்தான் வெளிவந்தது.

சிறிய பல்லி இப்போது உலகப் பிரயாணி ஆகிவிட்டது. கப்பல் சரக்குகளில் ஒளிந்துகொண்டு ஆஸ்திரேலியா, ஹவாய், மெக்சிகோ என்று போய்க் குடியேறிவிட்டது. இதற்குப் பெண் பல்லியின் ஒரு தனித் திறமை துணை செய்கிறது. ஒரு முறை ஆணோடு சேர்ந்தபின், ஆண் அணுக்களை அது பல மாதங்கள் உடலுக்குள் பாதுகாத்து வைக்கும். 36 வாரங்கள் வரை இப்படிக் காத்து முட்டையிட்டதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு பெண் பல்லி கரை இறங்கினாலும் ஒரு புதிய குடி தொடங்கிவிடும்.

ஆணா, பெண்ணா?

சுவரில் இருப்பது ஆணா பெண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல்லியைப் பிடிக்கவே வேண்டாம். சன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து அதன் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்குத் தொடையின் அடிப்பக்கத்தில் ஊசியால் குத்தியது போன்ற சிறு துளைகள் வரிசையாக இருக்கும். வாலின் அடியில் இரண்டு புடைப்புகள் தெரியும். பெண்ணுக்கு இவை இல்லை. முட்டை வளரும் காலத்தில் பெண்ணின் வயிற்றுத் தோல் வழியாக இரண்டு வெள்ளை உருண்டைகள் மங்கலாகத் தெரியும். ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள். பெரும்பாலான பல்லி இனங்களுக்கு இதுவே கணக்கு.

ஆண்கள் எல்லை காப்பவை. ‘பல்லி சொல்கிறது’ என்று பெரியவர்கள் திசை பார்த்துப் பலன் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையில் யாரிடம் என்ன சொல்கிறது? 1974-இல் மார்செல்லினி என்ற விஞ்ஞானி நம் வீட்டுப் பல்லியின் குரலை ஆராய்ந்து வெளியிட்டார். அதற்கு மூன்று வகைக் குரல்கள் உண்டு என்று அவர் கண்டார். அடுக்கடுக்காக ‘சக் சக் சக்’ என்று ஒலிப்பது ஒன்று. ஆண்கள் மோதும்போது எழுப்பும் கரகரப்பு இன்னொன்று. பிடிபட்டாலோ அடிபட்டாலோ எழும் ஒற்றைக் குரல் மூன்றாவது. அடுக்குக் குரலைப் பெரும்பாலும் எழுப்புவது ஆண்தான். ‘இந்த இடம் என்னுடையது’ என்பதே அதன் முக்கியமான செய்தி. பல்லி சொல்லும் பலன் பக்கத்துப் பல்லிக்குத்தான்!

பெண்களின் நிலை வேறு. அவை இவ்வளவு ஆரவாரத்தோடு எல்லை காப்பதில்லை. ஒரு விளக்கின் அருகே இரண்டு மூன்று பெண்கள் இரை தேடுவதைக் காணலாம். முட்டையிட நல்ல இடுக்குக் கிடைத்தால் பல பெண்கள் அதே இடுக்கில் முட்டையிடுவதும் உண்டு. பழைய அலமாரியை நகர்த்தும்போது ஒரே மூலையில் ஏழெட்டு வெள்ளை முட்டைகள் கிடந்தால், அது ஒரு தாயின் வேலை அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘பெண்கள் சாது’ என்ற எண்ணம் இப்படிப்பட்ட காட்சிகளிலிருந்துதான் பிறந்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சுவரில் உள்ள பல்லிக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த அறைக்கு ஓடிவிடலாம். பெட்டியில் உள்ள பல்லி எங்கே ஓடும்?

சிறுத்தைப் பல்லி எப்படிப்பட்டது?

சிறுத்தைப் பல்லியின் தாயகம் ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய வறண்ட கற்பாங்கான நிலங்கள். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். யூபிளெஃபாரிஸ் மாகுலேரியஸ் என்பது அதன் இன்றைய பெயர். அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவின் பிற பகுதிகளிலும் உண்டு. 2014-இல் சாத்புரா மலைப் பகுதியிலிருந்தும், 2022-இல் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்தும் புதிய இனங்கள் அறிவிக்கப்பட்டன.

நம் வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் பல வேற்றுமைகள் உண்டு. வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை இல்லை. நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு. கண்ணை மூடித் தூங்கும். வீட்டுப் பல்லியின் விரல்களில் ஒட்டும் தகடுகள் உண்டு. சிறுத்தைப் பல்லிக்கு அவை இல்லை. ஆகவே அது சுவர் ஏறாது, தரையில்தான் நடக்கும். இது சிறிய வேற்றுமை போலத் தோன்றலாம். ஆனால் பெட்டிக்குள் வந்தால் இது பெரிய விஷயம். வீட்டுப் பல்லிக்கு நான்கு சுவர்களும் மேல்தளமும் நடக்கும் இடம். சிறுத்தைப் பல்லிக்குத் தரை மட்டுமே. உயரமான பெட்டி வாங்கினாலும் அதற்கு ஒரு சாண் இடம்கூடக் கூடாது.

அதன் வால் தடித்துக் கிழங்கு போல இருக்கும். அதுதான் அதன் சேமிப்புக் கிடங்கு. நல்ல நாளில் கொழுப்பைச் சேர்த்து, இரை கிடைக்காத நாளில் செலவிடும். வால் தடித்திருந்தால் பல்லி நலமாக இருக்கிறது. மெலிந்தால் ஏதோ குறை இருக்கிறது.

அணைப்பா, ஆக்கிரமிப்பா?

இனிப் பெட்டிக்கு வருவோம். மூன்று பெண் சிறுத்தைப் பல்லிகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. கடி இல்லை, காயம் இல்லை. பகலில் மூன்றும் ஒரே ஓட்டுத் துண்டின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்குகின்றன. பார்ப்பவர், ‘அடடா, என்ன பாசம்!’ என்கிறார்.

விஞ்ஞான மாணவர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த ஓட்டுத் துண்டின் கீழ் என்ன இருக்கிறது? ஊர்வனவற்றின் உடல் தன் வெப்பத்தைத் தானே போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளாது. உண்ட இரை செரிப்பதற்கும் வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். சிறுத்தைப் பல்லி வெதுவெதுப்பான தரையில் வயிற்றைப் பதித்து வெப்பத்தைப் பெறுகிறது. பெட்டியில் வெதுவெதுப்பான மறைவிடம் ஒன்றே ஒன்றுதான் என்றால், மூன்றும் அங்கே வந்துதான் தீர வேண்டும். பாசமா, வேறு வழியின்மையா என்பது அந்தக் காட்சியிலிருந்து தெரியாது.

எப்படித் தெரிந்துகொள்வது? அதே போன்ற மறைவிடங்களை இன்னும் மூன்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் மூன்றும் சேர்ந்தே படுத்தால் அதற்கு ஒரு பொருள். பிரிந்துபோய் ஆளுக்கொரு வீடு பிடித்துக்கொண்டால் அதற்கு வேறு பொருள். இதுதான் சோதனை முறை.

சண்டை என்றால் கடிதான் என்று எண்ணாதீர்கள். ஒரு பெண் பல்லி இரைக் கிண்ணத்தின் அருகே நின்று உற்றுப் பார்க்கிறது. வால் நுனி மெல்ல அசைகிறது. மற்றது திரும்பிப் போய்விடுகிறது. அவ்வளவுதான். இரத்தம் வரவில்லை. ஆனால் அன்றிரவு ஒன்று உண்டது, மற்றது பட்டினி. இப்படி முப்பது இரவுகள் நடந்தால்?

சராசரி மறைக்கும் உண்மை

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரண்டு பெண் பல்லிகள். ஒவ்வொன்றும் 50 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிராம், சராசரி 50. ஒரு மாதம் கழித்து ஒன்று 56 கிராம், மற்றது 44 கிராம். இப்போது மொத்தம் என்ன? அதே 100. சராசரி? அதே 50. சேர்த்துப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு பல்லி தன் எடையில் நூற்றுக்கு 12 பங்கை இழந்துவிட்டது!

பெண் பல்லிக்கு இந்த இழப்பு இன்னும் கடுமையானது. ஆண் இல்லாவிட்டாலும் அது கருவுறாத முட்டைகளை இடக்கூடும். முட்டைக்குச் சத்தும் சுண்ணாம்பும் அதன் உடலிலிருந்தே போக வேண்டும். இரை கிடைக்காத பல்லி முட்டையிட்டால் அதன் எலும்பே மெலியத் தொடங்கும். சத்தம் போடாத சண்டை ஒன்றில் தோற்ற பல்லி, காயமில்லாமலே நோயாளியாகிறது.

இன்னொரு கணக்கு. இரண்டு பல்லிகள் இருந்தால் உறவு ஒன்று. மூன்று இருந்தால் உறவுகள் எத்தனை? முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்று மூன்று. நான்கு பல்லிகளுக்கு ஆறு. ஐந்துக்குப் பத்து. எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை கிடைக்கும். நான்கு பல்லிகள் உள்ள பெட்டியில் ஐந்தாவதை விட்டால் கூடுவது ஒரு பல்லி. ஆனால் புதிதாக முளைப்பவை நான்கு உறவுகள். அவற்றில் ஒன்று கெட்டாலும் பெட்டியின் அமைதி போய்விடும். ‘நான்கு இருக்கும் இடத்தில் ஐந்து இருக்கக் கூடாதா?’ என்று கேட்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

முட்டையில் தொடங்கும் குணம்

‘பெண்கள் சாது’ என்ற முடிவில் இன்னொரு கோளாறும் உண்டு. எல்லாப் பெண்களும் ஒரே குணம் உடையவை அல்ல. இதை விளக்கியவை அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் என்பவரின் குழு நடத்திய ஆராய்ச்சிகள்.

நமக்கு ஆண், பெண் என்பது கருவுறும் நேரத்திலேயே மரபணுக்களால் முடிவாகிவிடுகிறது. சிறுத்தைப் பல்லிக்கு அப்படி அல்ல. முட்டை எந்த வெப்பநிலையில் அடைகாக்கப்படுகிறதோ அதைப் பொறுத்துக் குஞ்சு ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறது. 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் எல்லாம் பெண். 30 டிகிரியில் பெரும்பாலும் பெண். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே 34, 35 டிகிரி என்று போனால் வியப்பு! மறுபடியும் பெரும்பாலும் பெண்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சி ஊர்வனவற்றில் உண்டு என்று 1966-இல் முதலில் அறிவித்தவர் மாடலேன் ஷார்னியே என்ற பெண் விஞ்ஞானி. ஆப்பிரிக்காவில் செனெகால் நாட்டில் ஓர் ஓணான் இனத்தை ஆராய்ந்து அவர் இதைக் கண்டார். நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் வழியில், மாமல்லபுரத்தைத் தாண்டினால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வரும். 1976-இல் தொடங்கப்பட்டது. அங்கு சதுப்பு நில முதலையின் முட்டைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி 1989-இல் வெளியாயிற்று. 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண், 32.5 டிகிரியில் எல்லாம் ஆண் என்பது அதன் முடிவு. ஒன்றரை டிகிரி வெப்பம் ஒரு முதலையின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது!

சிறுத்தைப் பல்லிக்கு வருவோம். க்ரூஸ் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெவ்வேறு வெப்பநிலையில் பொரித்த பெண்களை வளர்த்து ஒப்பிட்டார்கள். 32.5 டிகிரியில், அதாவது ஆண்கள் மிகுதியாகப் பிறக்கும் சூட்டில் பிறந்த பெண்கள், குளிர்ந்த முட்டையில் பிறந்த பெண்களைவிட அதிகம் சண்டை போட்டன. எல்லாம் பெண்தான்; முட்டையிடும் பெண்தான். ஆனால் பிறக்குமுன் பெற்ற வெப்பம் அவற்றின் குணத்தில் பதிந்துவிட்டது. ஆகவே, ‘பெண்தானே, சேர்த்து வைக்கலாம்’ என்று சொல்பவரிடம், ‘எந்தச் சூட்டில் பொரித்த பெண்?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

தோலுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தப் பல்லிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது தோலில் உள்ள வேதிப் பொருள்களை நாவால் உணர்ந்துதான். 1990-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சுவையானது. பெண் பல்லி தோலுரிக்கும் வேளையில் ஆண் அதை இன்னோர் ஆண் என்று எண்ணித் தாக்கியது. தோலுரித்து முடிந்ததும் அதே பெண்ணை நாடிச் சென்றது. நேற்றுவரை அமைதியாக இருந்த பெட்டியில் இன்று ஏன் கலவரம் என்று வளர்ப்பவர் திகைக்கும்போது, விடை ஓர் உரித்த தோலில் இருக்கக்கூடும்.

ஹவாய்க் கொட்டகையில் ஒரு பாடம்

சேர்ந்து வாழ எது உதவும்? இதற்கு அருமையான விடை பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. விடையைத் தந்தது நம் வீட்டுப் பல்லியே!

ஹவாயில் ஏற்கெனவே ஒரு சிறு பல்லி இனம் இருந்தது. அதில் எல்லாம் பெண்கள். ஆணே தேவையில்லாமல் முட்டையிட்டுப் பெருகுபவை. நம் வீட்டுப் பல்லி அங்கே குடியேறியபின் கட்டடங்களில் இந்தச் சிறு பல்லி குறைந்துகொண்டே வந்தது. காரணம் அறிய, கென்னத் பெட்ரன், டெட் கேஸ் முதலிய விஞ்ஞானிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய விமானக் கொட்டகைகளைச் சோதனைச் சாலை ஆக்கினார்கள். விளக்குகளைப் பொருத்தினார்கள். பல்லிகளை விட்டார்கள். விளக்கு இருக்கும் இடத்தில் பூச்சிகள் குவிகின்றன. பருத்த, வேகமான வீட்டுப் பல்லி அவற்றை அள்ளிக்கொள்கிறது. சிறு பல்லி மெலிகிறது. அதன் முட்டைகளும் குறைகின்றன என்று கண்டார்கள்.

பிறகு சுவர்களில் குறுக்குத் தகடுகளைப் பொருத்தி, மொட்டைச் சுவரை மேடுபள்ளமும் தடுப்புகளும் உள்ள சுவராக மாற்றினார்கள். 1998-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு என்ன தெரியுமா? சுவர் அதேதான். விளக்கும் அதேதான். ஆனால் போட்டியின் கடுமை குறைந்தது. தடுப்பு இருந்ததால் பெரியதின் வேகம் முழுதும் பயன்படவில்லை. சிறியதுக்கும் இரை கிடைத்தது.

இந்த முடிவை நினைவில் வைத்துக்கொண்டு புதுச்சேரியின் பழைய வீட்டையும் புதிய அடுக்குமாடி வீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வீட்டில் விட்டம், தூண், சன்னல் கதவு, சுவர் மாடம் என்று ஆயிரம் தடுப்புகள். புதிய வீட்டில் வழவழவென்று மொட்டைச் சுவர், ஒரே விளக்கு. இரண்டில் எங்கே ஒரே நேரத்தில் அதிகப் பல்லிகள் இரை தேடும்? ஊகித்துப் பாருங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள்.

நல்ல பெட்டி எது?

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், பெண் சிறுத்தைப் பல்லிகளைச் சேர்த்து வைப்பவர் கவனிக்க வேண்டியவை தாமே விளங்கும்.

1. தனியாக வைப்பதே பாதுகாப்பு. சிறுத்தைப் பல்லிக்குத் துணை இல்லாவிட்டால் வாட்டம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

2. சேர்த்து வைப்பதானால் ஒரே அளவுள்ளவற்றையே வைக்க வேண்டும். சிறியதும் பெரியதும் சேர்ந்தால் போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிடும்.

3. தரையின் பரப்பே கணக்கு, உயரம் கணக்கில்லை.

4. மறைவிடங்கள் பல்லிகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான பக்கத்திலும், குளிர்ந்த பக்கத்திலும், ஈரமான மூலையிலும் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் வேண்டும். ஈர மறைவிடம் தோலுரிக்க உதவும். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நடுவே கல்லோ மரத்துண்டோ தடுப்பாக நிற்க வேண்டும்.

5. இரையைத் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

6. வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்து எழுத வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது!

7. ஒன்றன் எடை குறைந்தாலோ, வால் மெலிந்தாலோ, ஒரே மூலையில் ஒதுங்கியே இருந்தாலோ உடனே பிரிக்க வேண்டும். பிரித்து வைக்க இரண்டாவது பெட்டி தயாராக இல்லாதவர் சேர்த்து வைக்கவே கூடாது.

இதைப் படித்ததும் ஒரு பல்லியைப் பிடித்து வந்து பெட்டியில் அடைக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். காட்டுப் பிராணிகளைக் காக்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவிர, உங்களுக்குப் பெட்டியே தேவையில்லை. உங்கள் வீட்டுச் சுவரே பெட்டி. அதுவும் கதவு திறந்த பெட்டி.

செய்து பாருங்கள்

வேண்டியவை: ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், கடிகாரம். பல்லியைத் தொட வேண்டாம். ஏணி ஏற வேண்டாம்.

முதலில் வாசல் சுவரின் படத்தை ஒரு பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். விளக்கு, சன்னல், விட்டம், விரிசல் எல்லாவற்றையும் குறியுங்கள். ஏழு இரவுகள், 7.30 மணி முதல் 8 மணி வரை, ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை எத்தனை பல்லிகள், எங்கே என்று படத்தில் புள்ளி வையுங்கள். பெரியது, சிறியது என்று பிரியுங்கள். வால் அறுந்து முளைத்தது, வயிற்றில் முட்டை தெரிவது என்று அடையாளம் கண்டு பெயர் வைத்துக்கொண்டால் ஆளை மாற்றிவிட மாட்டீர்கள். ஒன்று மற்றதைத் துரத்தினால் யார் துரத்தியது, யார் ஓடியது என்று எழுதுங்கள்.

இப்போது கேள்விகள். விளக்குக்கு மிக அருகில் இருப்பது தினமும் அதே பல்லிதானா? துரத்துவது எப்போதும் ஒன்றேதானா? ஓடிய பல்லி எங்கே போய் ஒளிகிறது?

அடுத்த ஏழு இரவுகள் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வீட்டாரின் அனுமதியோடு அதே சுவரின் மறுகோடியில் இரண்டாவது விளக்கைப் போடுங்கள். மற்றவை எல்லாம் முன்போலவே இருக்கட்டும். துரத்தல்கள் கூடினவா, குறைந்தனவா? மழை பெய்த மறுநாள் ஈசல் பறக்கும் இரவு ஒன்று கிடைத்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். இரை கொட்டிக் கிடக்கும் அன்று பல்லிகளுக்கு இடையே உள்ள தூரம் எப்படி இருக்கிறது?

வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஐவர் பழைய ஓட்டு வீடு, விட்ட வீடுகளிலும், ஐவர் புதிய வீடுகளிலும் ஒரே அரைமணி நேரத்தில் எண்ணுங்கள். ஹவாயில் கண்டது புதுச்சேரிக்கும் பொருந்துகிறதா என்பதை உங்கள் எண்களே சொல்லும். பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி இன்னும் சுவையானது.

ஒரு வீண் பயம்

கடைசியாக ஒன்று. பல்லிக்கு விஷம் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். வடக்கேயும் மேற்கேயும் சிறுத்தைப் பல்லிகளைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்வதற்கும் இந்த நம்பிக்கையே காரணம். உண்மையில் எந்தப் பல்லி இனத்துக்கும் விஷம் கிடையாது. பல்லி விழுந்த உணவை உண்ணக் கூடாது என்பது சரியே. ஆனால் காரணம் விஷம் அல்ல. அதன் கழிவில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற நோய்க் கிருமிகள். உணவை மூடி வைப்பதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் போதும். அடிக்கத் துடைப்பம் தேவையில்லை.

ஒரு சுவரில் எத்தனை பல்லிகள் வாழலாம் என்ற கேள்விக்கு, இத்தனை சதுர அடிக்கு இத்தனை என்று ஒற்றை எண்ணில் விடை சொல்ல முடியாது. எத்தனை விளக்குகள், எத்தனை இடுக்குகள், தோற்றவர் ஒதுங்க எத்தனை வழிகள் என்று எண்ணிய பிறகுதான் சொல்ல முடியும். நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். மணி ஏழரை ஆகப் போகிறது.